பதினாறு பேரும் ஒரு பச்சை டிக்கும்

"வேலை தெரிஞ்ச பொண்ணானு கேட்டா நான் என்னத்த சொல்றது மாப்ளே? லேத்து ஓட்டற ஆளுன்னா கையப் பாத்தே சொல்லிருவேன். கம்ப்யூட்டர் தட்டறவங்க கை எல்லாமே ஒரே மாதிரி சுத்தமாத்தான இருக்குது."

இதைச் சொல்லிட்டு மயில்சாமி மறுபடியும் போனைப் பாத்தான். ரத்த வங்கிக்கு வெளியில போட்டிருந்த இரும்பு பெஞ்சுல, மச்சினன் நவநீதனுக்குப் பக்கத்துல, காலைல ஆறரையிலிருந்து இதே வேலையாத்தான் உக்காந்திருந்தான். இப்ப மணி பத்தே முக்கால். நவநீதன் பொள்ளாச்சியில செல்போன் கடை வெச்சிருக்கறவன். அதனால கரண்டுல ஓடற எல்லாமே தனக்குத் தெரியும்னு ஒரு நெனப்பு, மொத பஸ் புடிச்சு வந்ததுலருந்து அந்த நெனப்பைக் கொஞ்சங்கொஞ்சமா வெளிய விட்டுட்டு இருக்கறான். எதுத்தாப்பல வார்டுல மயில்சாமியோட மக மிருதுளா படுத்திருக்கா. பன்னெண்டு வயசு. ஒடம்புல ரத்தம் சரியா ஊறாத வியாதி, பொறந்த ஏழாம் மாசத்துலருந்து, மூணு வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு பை ஏத்தியாகணும். அதுலயும் கண்ட ரத்தத்தை ஏத்தினா ஒடம்பு சண்டைக்கு நிக்குது, காய்ச்சலும் நடுக்கமும் வந்து ஒருதரம் பல்லு கடிச்சுக்கிட்டு பாத்த பார்வை இன்னிக்கும் மயில்சாமிக்குச் சோத்துல கை வெக்கும்போது வரும். ஒத்துப்போற ரத்தம்னு டாக்டருங்க தேடித் தேடிச் சொன்னது மொத்தம் பதினாறு பேர். நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தப் பதினாறு பேருக்கும் அந்தப் பொண்ணு செஞ்சு கொடுத்த புது வெப்சைட்டு மூலமா சேதி போயிருக்கணும். போச்சு. போச்சுன்னுதான் பச்சை டிக் காட்டுது. இன்னி மத்தியானத்துக்குள்ள ரெண்டு பேராவது வந்து கையை நீட்டினாத்தான் சாயங்காலத்துக்குள்ள சோதனை எல்லாம் முடிஞ்சு, நாளைக்குக் காலைல ஏத்த முடியும். நாளைக்கு மேல தள்ளாதீங்க, இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொன்னப்ப அவரு கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு, முகத்தைப் பாத்துச் சொல்லியிருந்தா கொஞ்சம் கம்மியா பயந்திருக்கலாம். பதினாறு பேர்ல ஒருத்தரும் பதில் போடலை. ஒருத்தரும். வரேன்னுமில்லை, வர முடியாதுன்னுமில்லை. ராத்திரி பூரா போனு அப்படியே கல்லாட்டம் கெடந்துது.

"அதான் மாமா சொல்றேன், அந்தப் பொண்ணு உங்கள ஏமாத்தியிருக்கும்ங்க. பச்சை டிக் போடறதுக்கு என்ன, அஞ்சு வயசுப் பையன் போடுவான்"னு நவநீதன் சொன்னான். ஏமாத்தியிருந்தா எவ்வளவு நல்லாருக்கும்னு மயில்சாமி நெனச்சான். நெனச்ச ஒடனே அவனுக்கே கூச்சமா போச்சு. ஆனா நெசம் அதுதான். ரெண்டே வழிதான் இருக்குது: ஒண்ணு, வெப்சைட்டு செஞ்ச ஜெனிட்டாவுக்கு வேலை தெரியாது. இல்லைன்னா, பதினாறு பேருக்கும் மிருதுளா சலிச்சுப் போயிட்டா. கேட்டுக் கேட்டு, வந்து வந்து, வருசத்துக்கு ரெண்டு தடவை பஸ்ஸேறி வந்து படுத்துக் கையை நீட்டி, ஒரு டப்பா ஜூஸும் ரெண்டு பிஸ்கோத்தும் வாங்கிக்கிட்டு வெயில்ல திரும்பிப் போயி, ஒருநா காலைல எந்திரிச்சு, போதுமப்பான்னு தோணியிருக்கும். தோணாதா? யாரு பெத்த புள்ளைக்கு யாரு ரத்தம். ஆனா பதினாறு பேருக்கும் ஒரே நாள்லயா தோணும்? அதனால சாமி, அந்தப் பொண்ணுக்கு வேலை தெரியாம இருக்கட்டும். இருபது வருசமா பம்பு கம்பெனியில சரக்கைச் சோதிச்சு பாஸ் பண்றவன், எந்தத் தொழிலாளி வேலையும் மோசமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டதில்லை. இன்னிக்கு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கறான். அதுலயும் கொடுமை என்னன்னா, அவளைத் தேர்ந்தெடுத்ததே அவன்தான். இந்த வியாதி இருக்கற குழந்தைகளைப் பெத்தவங்க சேந்து வெச்ச சங்கத்துல பத்தொம்பது குடும்பம், அத்தனை குழந்தைகளுக்கும் ரத்தம் கொடுக்கறவங்க நானூத்திச் சொச்சம் பேரு, எல்லாரும் இவன் கைப்பட எழுதின ஒரே நோட்டுல. போன வருசம் இவனுக்கு டைபாய்டு வந்து பன்னெண்டு நாள் படுத்தப்பத்தான் சங்கத்துக்காரங்களுக்கு ஒறைச்சுது, மயில்சாமிக்குக் காய்ச்சல்னா பத்தொம்பது குழந்தைக்கும் காய்ச்சல்னு. வெப்சைட்டு போடலாம்னாங்க. ஆளைப் பாத்துச் சொல்லுங்க, நீங்கதான் இன்ஸ்பெக்டர்னாங்க. முதல்ல வந்தவன் காட்டினதுல ரத்தத்துளி மேலருந்து சொட்டுது, கீழ விழுந்து பூவா விரியுது. தம்பி, ரத்தம் வேணும்னு அலையறவன் பூவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பானான்னு கேட்டதுக்கு, வேணும்னா பூவை எடுத்தர்றேன் சார்னான். ரெண்டாவது ஆளு முக்கால் மணி நேரம் பேசினான், ஒரு வார்த்தைகூட அவன் வாயிலருந்து வந்த மாதிரி இல்லை, எங்கியோ அச்சடிச்சு வந்த மாதிரி இருந்துது. மூணாவதா திண்டுக்கல்லருந்து ஜெனிட்டா வந்தா. உக்காந்ததும் கேட்டது, "கொடுக்கறவங்கள்ல எத்தனை பேருகிட்ட பட்டன் போனு சார்?" சங்கத்துல ஒருத்தருக்கும் தெரியலை. அப்பறம் எண்ணிப் பாத்தா நூத்தி நாப்பது பேர்.

அப்பவும் அவன் சும்மா தலையாட்டிரலை. கம்பெனியில ஒரு உருப்படி வந்தா மேல பளபளன்னு இருக்கற பக்கத்தை மயில்சாமி பாக்கவே மாட்டான். திருப்பி, மாட்டினப்பறம் கண்ணுக்கே தெரியாத அந்தப் பின்னோரத்துல வெரலை ஓட்டுவான். அங்க பிசிறு இல்லாம எடுத்திருந்தா அந்த ஆளு தொழில்காரன். அதனால ஜெனிட்டாகிட்ட, மாதிரிக்குச் செஞ்சு கொண்டாந்ததோட உள்பக்கத்தைக் காட்டும்மான்னான். அவ சிரிக்கலை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினா. வரிவரியா இங்கிலீசு, ஒண்ணும் புரியலை. சாயங்கால பாலிடெக்னிக்ல ஏழு வருசம் தூங்கி வழிஞ்சு படிச்ச இங்கிலீசுக்கு அது எட்டலை. ஆனா வரியெல்லாம் டூல் ரூம்ல ஸ்பேனர் மாட்டி வெச்ச மாதிரி அளவளவா தள்ளித் தள்ளி நின்னுது. நடுவுல ஒரே எடத்துல தமிழ்ல எழுதியிருந்துது: 'ரெண்டு தடவை அமுக்கினாலும் ஒரு சேதிதான் போகணும். பாவம், தூங்கிட்டு இருப்பாங்க.' இது யாருக்கு எழுதினதுன்னு கேட்டான். "எனக்குப் பின்னாடி இந்த வேலையப் பாக்க வர்றவங்களுக்கு சார்." அந்த எடத்துலயே மனசுக்குள்ள முத்திரை குத்திட்டான். இப்ப யோசிச்சா, படிக்கத் தெரியாதவன் கையெழுத்து அழகா இருக்குன்னு சொல்லி வேலைக்கு வெச்ச கதைதான். அழகா எழுதறவன் தப்பா எழுத மாட்டானா? கம்பெனியில பரமானந்தம்னு லேத்து ஓட்டற டர்னர் ஒருத்தன் இருந்தான், மெசினை அப்படித் தொடைப்பான், விபூதி வெச்சுக் கும்புடலாம். ஓட்டறதெல்லாம் அளவுக்கு ரெண்டு நூல் கூடத்தான் வரும். ஆனா இவ அப்படி இல்லையே. முடிச்சப்பறம் கம்பெனி வழக்கப்படி முதல், நடு, கடைசின்னு மூணு பேரை எடுத்து மயில்சாமியே சோதனை பண்ணினான். நோட்டுல மொத பேரு, நடுவுல ஒரு பேரு, கடைசிப் பேரு. மூணு பேருக்கும் சேதி போச்சு, மூணு பேரும் போன் பண்ணி வந்துதுன்னு சொன்னாங்க. மூணு சரியா இருந்தா மொத்த லாட்டும் பாஸ். இருபது வருசமா அப்படித்தான். அப்ப வேலை சரி. வேலை சரின்னா சேதி போயிருக்கு. சேதி போயிருந்தா, பதினாறு பேர் பாத்திருக்காங்க. பாத்துட்டுப் பேசாம இருக்காங்க. இந்த எடத்துக்கு வந்ததும் திரும்ப ஆரம்பத்துக்கே ஓடிருவான், அவளுக்கு வேலை தெரியாது, தெரியவே தெரியாது.

"ஏனுங் மாமா, ஆளுக்கொரு போன் போட்டுக் கேட்டாத்தான் என்ன? வாய் தேஞ்சா போயிரும்?"

"போடக்கூடாது மாப்ளே. சங்கத்துல சட்டம். ஒருக்கா கேக்கலாம், ரெண்டாந்தரம் கேக்கக்கூடாது."

"எந்த மடையன் போட்ட சட்டமுங் அது?"

"நாந்தான்."

நவநீதன் வாயை மூடிக்கிட்டான். அது ஒண்ணுதான் காலைலருந்து நடந்த நல்ல காரியம். சட்டம் சும்மா வரலை. மூணு வருசம் முந்தி ரத்தம் கொடுத்துட்டிருந்த ஒரு பால்காரரு, தங்கமான மனுசன், ஒரே நாள்ல ஆறு அப்பனாத்தா மாத்தி மாத்திக் கூப்பிட்டு அழுததுல நம்பரையே மாத்திட்டுப் போயிட்டாரு. அழறவங்களுக்குக் கொடுத்துப் பழகினவங்க ஒருநா அழுகையக் கண்டு ஓடிருவாங்க. அதனால கேளு, தள்ளி நில்லு. போடலாம்னாலும் நம்பரு கையில இல்லை, நோட்டு சரிபாக்கறதுக்குன்னு திண்டுக்கல்லுல ஜெனிட்டாகிட்ட கெடக்குது. அவளையாவது கூப்பிடலாம். கூப்பிட்டா என்ன சொல்லுவா? 'சேதியெல்லாம் போயிருச்சு சார், பதினாறு பேரும் பாத்துட்டாங்க சார்'னு சொல்லுவா. அந்தக் கொரல்ல, பொறுமையா, சார் சார்னு. அதைக் கேக்க இவனால ஆகாது. கேக்காத வரைக்கும் அவ வேலை தெரியாதவ, பதினாறு பேரும் நல்லவங்க. வார்டுக் கதவைத் தொறந்துக்கிட்டு வசந்தாமணி வந்தா. பொண்டாட்டி நடந்து வர்ற தினுசைப் பாத்தே மயில்சாமிக்குச் சேதி தெரியும். இன்னிக்கு அவ செருப்புச் சத்தமே கேக்கலை, மெதுவா வந்தா. "தூங்கறா. தூங்கறாளா கண்ணைத்தான் மூடியிருக்கறாளான்னு தெரியலை. மூச்சு வாங்குது. யாராச்சும் பதில் போட்டாங்களா?" இல்லைன்னு தலையாட்டினான். "ஓரத்துல உக்காந்து தலையாட்டறதுக்கா இங்கிருக்கறீங்க?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம திரும்பிப் போயிட்டா. கோவம் இல்லை அதுல. கோவம் இருந்திருந்தா ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பான். மிருதுளாவோட ஒதடு நேத்தே வெளுத்துப் போச்சு, நகத்தை அமுக்கினா திரும்பச் செவக்கறதில்லை, காகிதத்தை அமுக்கற மாதிரி. ஆட்டோவுல வரும்போது, 'அப்பா, நான் படிக்கட்டு ஏறலை, தூக்கிக்கோ'ன்னா. பன்னெண்டு வயசுப் புள்ளை, தூக்கிக்கோன்னு கேக்கறதுக்கு வெக்கப்படற வயசு. தூக்கினா கனமே இல்லை.

ரத்த வங்கிக் கதவு தொறந்து மூடும்போதெல்லாம் உள்ள சுவரோரம் நிக்கற பெரிய பிரிட்ஜ் தெரிஞ்சுது. பைகளை வெக்கற பிரிட்ஜ். கதவுல சின்னதா மஞ்சள் ஸ்டிக்கர். தொழில் புத்தி, கண்ணு தானாப் போயி ஸ்டிக்கரைப் படிச்சுது: டிசம்பர் 9. அவ்வளவுதான், தேதி மட்டும். சரி, டிசம்பர்ல மறுபடியும் சூட்டைச் சோதிச்சுப் பாக்கணும்னு மனசு தானா சொல்லிச்சு, கம்பெனியில இவனே தெனமும் ஒட்டற ஸ்டிக்கர்தான், அளக்கற கேஜுக்கும் மைக்ரோமீட்டருக்கும். அடுத்த சோதனை என்னிக்குன்னு மட்டும் எழுதுவோம், முடிஞ்சது என்னிக்குன்னு எவன் எழுதுவான், முடிஞ்சது முடிஞ்சுது, நமக்கு வேண்டியது அடுத்தது. கதவு மூடிக்கிச்சு. அடுத்தது. பெஞ்சோட குளுமை திடீர்னு தொடையில ஏறுச்சு. நோட்டுல ஒவ்வொரு பேருக்கு நேராவும் ஒரு தேதி எழுதியிருக்கறானே. ஒருத்தரு ரத்தம் கொடுத்தா மூணு மாசம் ஓய்வு. இவன் எழுதினது கொடுத்த தேதி இல்லை. மறுபடியும் கொடுக்கலாம்ங்கற தேதி. அடுத்த தேதி. மேல தலைப்புல வெறும் 'தேதி'. பத்து வருசமா இவன் ஒருத்தனே பாக்கற நோட்டு, தேதின்னா எந்தத் தேதின்னு யாருக்கு எழுதி வெக்கணும்? போன்ல பழைய மெயிலைத் தேடினான். ஜெனிட்டா வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தி அனுப்பினது, பதினோரு கேள்வி. டீக்கடையில நின்னு படிச்சான் அன்னிக்கு. சாயங்காலப் படிப்பு படிச்சவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, மொத மூணு கேள்வியை நல்லாப் படிப்பான், மீதியைப் படிக்கறதுக்குள்ள தூக்கம் வந்துரும்னு பயந்து வேகமா ஓட்டிருவான். 'எல்லாம் சரிம்மா, ஆரம்பிச்சுரு'ன்னு பதில் போட்டிருக்கறான். ஒரு பிஸ்டனைக்கூட அளக்காம பாஸ் பண்ணாதவன். ஏழாவது கேள்வி: 'நோட்டில் உள்ள தேதி, அவர்கள் கடைசியாக ரத்தம் கொடுத்த தேதிதானே சார்? அதிலிருந்து மூன்று மாதம் எண்ணி, ஓய்வில் இருப்பவர்களுக்குச் செய்தி போகாமல் செய்கிறேன். தவறு என்றால் சொல்லவும்.' எல்லாம் சரிம்மா. ஏப்ரல்ல கொடுத்தவருக்கு இவன் ஜூலைன்னு எழுதியிருக்கறான். அவ ஜூலையிலருந்து மூணு மாசம் எண்ணி, அக்டோபர் கடைசி வரைக்கும் அவரு ஓய்வுன்னு ஒதுக்கியிருப்பா. எப்பவோ ஒருக்கா கொடுத்துட்டுப் போனவங்களுக்கெல்லாம் சேதி போகும், அப்படிப்பட்ட மூணு பேரைத்தான் இவன் சோதிச்சது. மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கறவங்க, மிருதுளாவோட பதினாறு பேரு, வந்துட்டே இருக்கறதுனாலயே ஒருத்தருக்கும் போயிருக்காது.

"ஜெனிட்டா, மயில்சாமி பேசறேன்மா. நேத்து அஞ்சு மணிக்கு நான் போட்டது எத்தனை பேருக்குப் போச்சுன்னு பாத்துச் சொல்லு. தேதியப் பத்தி அப்பறம் பேசலாம். எண்ணிக்கைய மட்டும் சொல்லு."

தட்டற சத்தம் கேட்டுது.

"சார்… பூஜ்யம் சார்."

சிரிப்பு வந்துருச்சு மயில்சாமிக்கு. வாய்விட்டே சிரிச்சான், நவநீதன் பயந்து போயி எந்திரிச்சு நின்னான். பூஜ்யம். ஒருத்தரும் பாக்கலை. ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லலை. பதினாறு பேரும் இந்நேரம் கடையிலயும் தறியிலயும் பஸ்ஸுலயும் ஒண்ணும் தெரியாம நல்லவங்களா இருந்துட்டு இருக்காங்க. நோட்டு விசயத்தை ரெண்டே வரியில சொன்னான், தப்பு என்னுதும்மான்னான். "தேதி உங்க தப்பு சார். ஆனா எத்தனை பேருக்குப் போச்சுன்னு நான் அங்க எண்ணு காட்டியிருக்கணும். வெறும் டிக் போட்டது என் தப்பு"ன்னா அவ. பழியை இப்படிச் சரியா ரெண்டாக் கீறின ஆளை அவன் கம்பெனியிலயும் பாத்ததில்லை. "மாத்திட்டேன் சார். இப்ப எட்டுப் பேரு கொடுக்கலாம்னு காட்டுது, மீதி எட்டுப் பேரு இன்னும் ஓய்வுல. அனுப்பறதுக்கு முந்தி ஒவ்வொரு பேராப் படிக்கறேன், என்னிக்குக் கொடுத்தாங்கன்னு நீங்க ஞாபகத்துலருந்து சொல்லணும். நோட்டைப் பாத்துச் சொல்ல வேண்டாம், நோட்டுதான் எங்கிட்ட இருக்கு."

"அனுப்பிரும்மா, நேரமில்லை. எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

"சார். இதே வார்த்தையைத்தான் போன தடவையும் எழுதினீங்க."

நவநீதன் என்ன ஏதுன்னு கையைப் புடிச்சான், மயில்சாமி உதறினான். பயம் இப்ப வேற மாதிரி. இனிமேத்தான் அவங்களை நெசமாவே கேக்கப் போறோம், இனிமேத்தான் அவங்க நெசமாவே மாட்டேன்னு சொல்லலாம். மணி பதினொண்ணே கால். படிம்மான்னான்.

"ஆரோக்கியதாஸ். ஜூலை இருபத்தொம்பது." கொடுத்தது ஏப்ரல் இருபத்தொம்பது, வெயில் கொளுத்துன நாளு, ஏழாங்கிளாஸ் பரீட்சை முடிஞ்சிருந்துது, அந்த மனுசன் மிருதுளாவுக்கு ஒரு நுங்கு வாங்கியாந்து நர்சுகிட்டத் திட்டு வாங்கினாரு. சரி. "ரங்கநாயகம். அதே தேதி." அதே நாளுதான், பின்னாடியே வந்தாரு, ஊசிக்குப் பயந்து மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. சரி. "அப்துல் மஜீத். ஆகஸ்டு இருபது." மே இருபது. மகன் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கறப்ப வந்தாரு, பத்திரிகையோட. சரிம்மா. "குப்புராஜ். ஆகஸ்டு இருபது." தறி ஓட்டறவரு, தலையில பஞ்சோட வருவாரு, சரி. "லோகநாதன். செப்டம்பர் பத்து." ஜூன் பத்து, பள்ளிக்கூடம் தொறந்த நாளு, மிருதுளா புது யூனிபாரத்தோட வந்து படுத்தா, கழட்ட மாட்டேன்னா, அந்தப் பையன் வேணும்னே எட்டிப் பாத்து, டீச்சரம்மா வணக்கம்னான். சரி.

"மிருதுளா அப்பா யாருங்க?" வார்டுக் கதவைப் பாதி தொறந்து நர்சு நின்னாங்க. "டாக்டர் கூப்பிடறாரு. ஒடனே வாங்க. போனை வெச்சுட்டு வாங்க."

"சார், இன்னும் மூணு பேரு இருக்காங்க"ன்னா ஜெனிட்டா.

மயில்சாமி எந்திரிச்சான். "அஞ்சு பேருக்கு அனுப்பிரு. மூணு பேரை நிறுத்தி வெய்யி. வந்து பாத்துட்டுச் சொல்றேன்." போனை நவநீதன் கையில கொடுத்தான். அவன் ஏதோ கேக்க வாயெடுத்தான், அதுக்குள்ள மயில்சாமி கதவுக்குள்ள போயிட்டான்.